வீட்டிலேயே ப்ளே ஸ்கூலும் டே கேரும் நடத்த உரிமம் வேண்டுமா? குமரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்டது இது: மார்த்தாண்டம் பக்கத்தில் சொந்த வீடு, மாடி போட்டது. கீழ்த்தளத்தில் 2 வயது முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் காலையில் ப்ளே ஸ்கூல், மதியத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கு டே கேர். சுமார் 25 குழந்தைகள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பு. இதற்கு லைசென்ஸ் வேண்டுமா, யாரிடம் வாங்குவது? பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா எந்தக் காகிதமும் இல்லாமல் ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாரே, அவருக்கு மட்டும் விலக்கா?

வேண்டும். நீங்கள் சொல்லும் அமைப்புக்குக் கல்வித்துறையின் அனுமதி வேண்டும். அந்த அக்காவுக்கு யாரும் விலக்கு கொடுக்கவில்லை. அவர் செய்வது இன்றைக்கு எந்த அனுமதிச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை, அவ்வளவுதான். இது நம் ஊரில் பலருக்கும் புரியாத இடம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சின்னப் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே உரிமம் நம் மாநிலத்தில் கிடையாது. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் துறை மாறும். பாடம், பாட்டு, வகுப்பு என்று நடத்தினால் பள்ளிக் கல்வித்துறை. சத்துணவோடு அரசே நடத்தும் அங்கன்வாடி என்றால் சமூகநலத் துறையின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம். தொழிற்சாலைக்குள் தொழிலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அறை என்றால் தொழிலாளர் சட்டம். ராத்தங்கல் வந்துவிட்டால் கதை வேறு, அது மாவட்ட ஆட்சியர் வரைக்கும் போகும். வெறும் பகல்நேரக் காப்பகம், அதாவது பாடம் எதுவும் இல்லாமல் சாப்பாடு ஊட்டித் தூங்கவைத்துச் சாயங்காலம் திருப்பிக் கொடுப்பது என்றால், அதற்கென்று தனியாக உரிமம் தரும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஒரு மளிகைக்கடையில் மிக்சர் பொட்டலம் விற்கப் பதிவு வேண்டும். பத்து மாதக் குழந்தையைப் பத்து மணி நேரம் வைத்திருக்க ஒன்றும் வேண்டாம் என்பது சரியாக இல்லை.

அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நானும் டே கேர் என்றே போர்டு வைத்துவிடுகிறேன்" என்று நினைக்காதீர்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அதிகாரிகள் முடிவெடுப்பதில்லை. ப்ரீ கேஜி என்று தனி வகுப்பு, ஆண்டுக் கட்டணம், சீருடை, சேர்க்கை விளம்பரம் எல்லாம் இருந்தால் அது ப்ளே ஸ்கூல்தான். உங்கள் திட்டத்தில் காலை நேரம் முழுக்க ப்ளே ஸ்கூல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ப்ளே ஸ்கூல்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2015-ல் தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்குதான் அதற்குத் தூண்டுகோல். அதுவரை இந்தப் பள்ளிகள் யார் கண்ணிலும் படாமல்தான் நடந்தன. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 18-ஆம் பிரிவு, அங்கீகாரச் சான்று இல்லாமல் பள்ளி தொடங்கக் கூடாது என்கிறது; மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான தொடக்கக் கல்விக்கானது. 3 வயதிலிருந்து 6 வயது வரை முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று 11-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது, அத்தோடு சரி. அதனால் ஒன்றாம் வகுப்பு இல்லாத தனி ப்ளே ஸ்கூல் நேரடியாக அதில் சிக்காது. மாநில விதித்தொகுப்பு வந்ததும் அந்த இடைவெளி அடைபட்டது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் 3 முதல் 6 வயது வரையிலானவர்களுக்கான தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு ஒழுங்குமுறை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

விண்ணப்பம் போக வேண்டியது தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (டிஇஓ). 2022-ல் துறையை மாற்றி அமைத்தபோது தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று டிஇஓ பொறுப்புகளைப் பிரித்துவிட்டார்கள். பழைய பழக்கத்தில் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆனால் அது நகராது.

இப்போது காகிதங்கள். பள்ளிக் கட்டடம் என்றால் நான்கு சான்றுகள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்: கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு இவை கண்டிப்பாகின. அங்கே சமையலறைக் கூரைக் கீற்றில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குப் பரவியது. அதனால்தான் இன்றைக்கும் பள்ளி வளாகத்துக்குள் ஓலைக்கொட்டகை என்றால் அதிகாரி முகம் மாறுகிறது. வெயிலுக்கு முற்றத்தில் ஓலைப் பந்தல் போடலாம் என்று நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

உறுதிச் சான்றைத் தகுதியுள்ள பொறியாளர் தருவார். அதை வைத்துக்கொண்டுதான் வட்டாட்சியரிடம் கட்டட உரிமம் கேட்க முடியும். தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் 1965-ன்படி வரும் இந்த உரிமத்தைப் 'படிவம் டி' என்று சொல்வார்கள். மார்த்தாண்டம் என்றால் உங்களுக்கு விளவங்கோடு தாலுகா, அலுவலகம் குழித்துறையில். சுகாதாரச் சான்றுக்கு ஆய்வாளர் வந்து கழிப்பறை, குடிநீர், சமையலிடம் பார்ப்பார். தீயணைப்புக்கு வாசல் அகலம், வெளியேறும் வழி, தீயணைப்பான் உருளைகள், கேஸ் சிலிண்டர் வைத்திருக்கும் இடம்.

இதில் ஆள்களைக் களைக்கவைப்பது வரிசைதான். சுகாதாரச் சான்றும் தீயணைப்புச் சான்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியவை. முதலில் ஓடிப்போய் அவற்றை வாங்கிவிட்டால், உறுதிச் சான்றும் படிவம் டியும் வந்துசேரும்போது முதலில் வாங்கியதன் காலம் முடிந்திருக்கும். ஆகவே பொறியாளரில் தொடங்கி, தாசில்தார் அலுவலகத்தில் மனு நகர ஆரம்பித்ததும் மற்ற இரண்டையும் கேளுங்கள். ஜூன் மாதம் திறக்க வேண்டும் என்றால் முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே வேலையை ஆரம்பிப்பது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் எல்லாப் பள்ளிக்காரர்களும் அதே ஜன்னலில்தான் நிற்பார்கள்.

வீட்டின் வரைபட அனுமதியையும் எடுத்துப் பாருங்கள். குடியிருப்புக்கென்று அனுமதி வாங்கிய கட்டடத்தைப் பள்ளியாக்கினால் பயன்பாட்டு மாற்றம் வரும். சொத்து வரியும் மாறும். மின் இணைப்பும் அப்படியே. வீட்டு இணைப்பிலேயே பள்ளி நடத்துவது தப்பான கட்டண விகிதத்தில் மின்சாரம் எடுப்பதாகக் கணக்காகும். தனியார் கல்வி நிறுவனங்களுக்கு தாழ்வழுத்தத்தில் தனி விகிதம் இருக்கிறது. நீங்கள் மாடியில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் கீழ்த்தளத்துக்குத் தனி மீட்டர் வைத்துவிடுங்கள். வீட்டுக்கான இலவச யூனிட் உங்கள் வீட்டு மீட்டரில் அப்படியே இருக்கும், பள்ளிக் கணக்கும் சுத்தமாக இருக்கும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு 2013-ன் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்புக் கொள்கை ஒரு அளவு தருகிறது: 30 குழந்தைகளுக்கு உள்ளே 35 சதுர மீட்டர், வெளியே விளையாட 30 சதுர மீட்டர். சதுர அடியில் சொன்னால் உள்ளே சுமார் 377, வெளியே சுமார் 323. நம்மூர் வீடுகளில் 12-க்கு 12 அறைகள்தான் அதிகம். அந்தக் கணக்கில் ஓர் அறையில் 11 பிள்ளைகளுக்கு மேல் இடம் இல்லை. உங்களுடைய 25 பேருக்கு இரண்டு அறை போதாது, மூன்று வேண்டும்; அல்லது நடுச்சுவர் இல்லாத ஒரு பெரிய ஹால். சுவர் இடிப்பதாக இருந்தால் உறுதிச் சான்றுக்கு முன்பே இடித்துவிடுங்கள்.

ஆள் கணக்கில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். அதே கொள்கையின்படி 3 வயதுக்குக் கீழே 10 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், 3 முதல் 6 வரை 20 குழந்தைகளுக்கு ஒருவர். ஆணையத்தின் வழிகாட்டி 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை, கூடவே ஒரு பராமரிப்பாளர் என்று இருவரைக் கேட்கிறது. உங்கள் 25 பேரில் 12 பேர் 3 வயதுக்குக் கீழே என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு இரண்டு பேர், மீதி 13 பேருக்கு ஆசிரியையும் பராமரிப்பாளரும். ஆக நான்கு பேர். சமையலுக்கும் கழிப்பறைச் சுத்தத்துக்கும் இன்னொருவர், ஏனென்றால் குழந்தையைப் பார்க்கும் கையே சாம்பார் கிண்டக் கூடாது. இந்த ஐந்து பேர் சம்பளத்தை வைத்துக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அது கட்டுப்படியாகவில்லை என்றால் 15 குழந்தைகளோடு தொடங்கலாமே தவிர, ஆளைக் குறைக்கக் கூடாது.

ப்ளே ஸ்கூல் நேரம் ஒரு நாளைக்கு 3 முதல் 4 மணி நேரம்தான் என்று வழிகாட்டி சொல்கிறது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் ஒரு மணிக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் டே கேர் நேரத்தைத் தனியாகக் காட்டுங்கள்: தனி வருகைப் பதிவேடு, தனிக் கட்டண ரசீது, யார் பொறுப்பு என்று தனி ஆள். பகல் முழுக்கப் பள்ளி என்று காட்டினால் விதிமீறலாகும். காலையிலும் டே கேர் என்று காட்டினால் பொய்யாகும்.

ஆசிரியைக்கு பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு முன்பருவப் பள்ளிக் கல்விப் பட்டயம் இருந்தால் நல்லது, அது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் கீழ் வரும் படிப்பு. சில வாரங்களில் தருகிற மான்டிசோரி சான்றிதழ்கள் நம் பக்கத்திலும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் நிறைய புழங்குகின்றன. சேர்த்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து விண்ணப்பத்தில் தகுதி என்று எழுதாதீர்கள்.

அப்புறம், பெரிய பெயருள்ள கம்பெனியிடம் ஃப்ரான்சைஸ் எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் தருவது பெயர், பாடத்திட்டம், பொம்மைகள், சுவர் ஓவியம். அரசு அனுமதி உங்கள் கட்டடத்துக்கும் உங்கள் பொறுப்புக்கும்தான். அதை நீங்கள்தான் வாங்க வேண்டும். சில இடங்களில் உத்யம் பதிவுச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள். அது சிறு தொழில் என்று நாமே இணையத்தில் இலவசமாக அறிவித்துக்கொள்வது. ஐஎஸ்ஓ சான்றும் அனுமதி ஆகாது. குழந்தையைச் சேர்க்கப் போகிறவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சரி, விலக்குகளுக்கு வருவோம். உண்மையில் யாருக்கு இந்த ப்ளே ஸ்கூல் அனுமதி தேவையில்லை?

அங்கன்வாடிக்குத் தேவையில்லை, அது அரசே நடத்துவது. எல்கேஜி, யுகேஜியோடு அங்கீகாரம் பெற்று நடக்கும் நர்சரி அண்ட் பிரைமரி, மெட்ரிக் பள்ளிகளுக்குத் தனி ப்ளே ஸ்கூல் அனுமதி என்ற பேச்சு எல்கேஜியிலிருந்து கிடையாது. அவை தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆனால் அதே வளாகத்தில் புதிதாக ப்ரீ கேஜி தொடங்கினால், "எங்களிடம்தான் அங்கீகாரம் இருக்கிறதே" என்று சும்மா இருக்க முடியாது. தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது, சித்தியிடம் விட்டுப்போவது இவற்றையெல்லாம் எந்தச் சட்டமும் கேட்காது. ஞாயிறு ஆராதனை நேரத்தில் ஆலய வளாகத்தில் நடக்கும் ஞாயிறு பள்ளி, மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளி, கோயில் வளாகத்துச் சமய வகுப்பு போன்றவை ப்ளே ஸ்கூல் ஆகாது.

நம் மாவட்டத்தில் திருச்சபைகளும் சபைகளும் நடத்தும் நர்சரிகள் ஏராளம். சிறுபான்மை நிறுவனம் என்பதால் எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்ற பேச்சை அடிக்கடி கேட்கலாம். அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு நிறுவனத்தைத் தொடங்கி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை. ஆனால் கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றில் யாருக்கும் தனிச்சலுகை இல்லை. தீக்கு மதம் தெரியாது என்று ஒரு தீயணைப்பு அலுவலர் சொல்வார், அவ்வளவுதான் பதில்.

தொழிற்சாலைக் காப்பகங்கள் வேறு வகை. முந்திரித் தொழிற்சாலை, நம் பேச்சில் அண்டி ஆபீஸ், பெண்கள் நிறைய வேலை செய்யும் இடம். ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். அங்கன்வாடி திறக்கும்போது தாய் பாதி வேலையை முடித்திருப்பார். இவர்களுக்காகச் சட்டத்தில் காப்பகம் வெகுநாளாக இருக்கிறது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 30-க்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால் காப்பகம் கட்டாயமாக இருந்தது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 50 பெண்கள் அல்லது அவர்களுடைய 20 குழந்தைகள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் வந்தபோது, 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்றானது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் 50 பேர் என்பதே அளவு. ஆண், பெண் பிரிக்காமல் எண்ணுவது நல்ல மாற்றம். அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள் உள்ளே வந்தன. ஆனால் 35, 40 பெண்களை வைத்து நடக்கும் சின்ன அண்டி ஆபீஸ்களுக்கு இருந்த கடமை இதில் கழன்றுபோகிறது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமிருந்து எடுத்தது போலத்தான் எனக்குப் படுகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது: நிறுவனங்கள் தாமாகக் கட்டாமல் பக்கத்தில் நடக்கும் காப்பகத்தோடு பொதுவாக ஏற்பாடு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

வரியில் ஒரு நல்ல விலக்கு உண்டு. முன்பருவப் பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி கிடையாது. பள்ளிக்குச் செய்துதரும் போக்குவரத்தும் சாப்பாடும்கூட விலக்கில் வரும். டே கேர் பகுதி கல்வி என்று தானாக ஆகிவிடாது. ஆனால் சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை பதிவே தேவையில்லை என்பதால் உங்களுக்கு இப்போதைக்குத் தலைவலி இல்லை. நீங்களே சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சின்ன அளவிலான விற்றுமுதலுக்குக் கட்டணம் கொஞ்சம்தான், இணையத்திலேயே முடியும். தாய்மார் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பினால் அதுவும் வேண்டாம்.

ராத்தங்கல் பற்றி ஏன் முதலிலேயே சொன்னேன் என்றால், நம் ஊரில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். கணவர் வளைகுடாவில், மனைவி நர்ஸ், வாரத்தில் மூன்று நாள் இரவு ஷிப்ட். "இன்றைக்கு மட்டும் பிள்ளை உங்களிடமே படுக்கட்டும் அக்கா" என்று கேட்பார்கள். பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால் இரவில் குழந்தைகளைத் தங்கவைப்பதை வழக்கமாக்கினால், பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2014-ன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். பெற்றோர் இல்லாத அல்லது கைவிடப்பட்ட குழந்தை ஒன்றை இரக்கப்பட்டு வைத்துக்கொண்டால் இன்னும் கடினம்: இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி பதிவு செய்யாத குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், அதுதான் உங்கள் வேலை.

இவ்வளவு காகிதத்தையும் தாண்டி, உங்கள் வளாகத்தைப் பற்றி எனக்கு உண்மையான கவலை வேறு. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு ப்ளே ஸ்கூலில் 4 வயதுச் சிறுமி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். பிள்ளை கண்ணிலிருந்து மறைந்த கொஞ்ச நேரமும், உறுதியாக மூடாத ஒரு தொட்டியும் போதும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் கிணறு இல்லாத வீடு எங்கே இருக்கிறது? உங்கள் முற்றத்திலும் இருக்கும். சுற்றுச்சுவர் இடுப்பளவு இருப்பது போதாது, பிள்ளை வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறும். மேலே கம்பி வலை அடித்துப் பூட்டுங்கள். செப்டிக் டேங்க் மூடி துருப்பிடித்த தகரமாக இருந்தால் இன்றைக்கே கான்கிரீட் மூடியாக்குங்கள். ரப்பர் உள்ள வீடென்றால் ஷீட் அடிக்கும் மெஷின் பின்புறம் நிற்கும், பக்கத்திலேயே ரப்பர் பாலை உறையவைக்கிற ஆசிட் கேன். ஃபார்மிக் ஆசிட் குழந்தை வாயில் பட்டால் உள்ளே வெந்துபோகும். மெஷின் நிற்கும் கொட்டகையை வேலி போட்டுப் பிரிப்பது போதாது. ஆசிட் அந்த வளாகத்தில் இருக்கவே கூடாது. மார்த்தாண்டம் என்றால் தேன்பெட்டிகளையும் சொல்லாமல் இருக்க முடியாது, அவற்றையும் வேறு நிலத்துக்கு மாற்றுங்கள். சரிவு நிலத்தில் கட்டிய வீடுகளில் பக்கத்து நிலம் நான்கைந்து அடி கீழே இருக்கும், கைப்பிடிச் சுவர் இருக்காது. வீட்டுக்குப் பின்னால் குளமோ சானலோ இருந்தால் பின்வாசலை நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். ஆனால் அவசர வழி என்று தீயணைப்பு அலுவலர் அதைக் காட்டச் சொன்னால், பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ் வைத்து வேறு பக்கம் வாசல் திறங்கள். நமக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் பள்ளி திறக்கும்போதே தரை வழுக்கும், மொசைக் தரை என்றால் கேட்கவே வேண்டாம்.

இதில் பாதியை ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்க்கமாட்டார். அவர் கையில் உள்ள படிவத்தில் ரப்பர் மெஷினுக்கு ஒரு கட்டம் இல்லை.

வேலைக்கு வருகிறவர்களைப் பற்றிய சரிபார்ப்பைக் காவல்துறை இணையதளம் வழியாகவே கேட்கலாம். ஆயா முதல் வேன் ஓட்டுநர் வரை எல்லோருக்கும் செய்யுங்கள், சொந்தக்காரர் என்றாலும். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்தது என்று தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். தெரிந்தும் மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "பிள்ளை பெயர் கெட்டுப்போகும், நாமே பேசி முடிப்போம்" என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கடமை போகாது. கண்காணிப்புக் கேமரா வைக்க வழிகாட்டி சொல்கிறது. கழிப்பறை, உடை மாற்றும் இடம் தவிர எல்லா இடத்திலும் வையுங்கள். வேன் வைத்தால் 2012-ன் பள்ளி வாகன விதிகள் வரும். ஒரு ஆட்டோவில் பத்துப் பிள்ளைகளை அடுக்கிக்கொண்டு போகும் ஏற்பாட்டுக்குத் தயவுசெய்து நீங்கள் ஆள் பிடித்துக் கொடுக்காதீர்கள்.

பக்கத்துத் தெரு அக்காவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏழெட்டுக் குழந்தைகளைப் பாடம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் இன்றைக்கு அவரை யாரும் உரிமம் எங்கே என்று கேட்க முடியாது. அதே சமயம் அவர் கவனக்குறைவால் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால், உரிமம் தேவையில்லை என்ற பதில் காவல் நிலையத்தில் செல்லாது. கவனக்குறைவால் மரணம் என்ற குற்றத்துக்கும், தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்தல் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு சொல்வதற்கும் உரிமம் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை. முடிந்தால் அவரை உங்கள் டே கேரில் பொறுப்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வருடம் பிள்ளைகளைத் தூக்கிப் பழகிய கை, பட்டயம் முடித்துவந்த பெண்ணுக்கு நல்ல துணை.

கேள்வியின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது: அனுமதி வரும்வரை பத்துப் பிள்ளைகளோடு ஆரம்பித்துவிடலாமா? கூடாது. மனு கொடுத்த ரசீது அனுமதி ஆகாது. அதுவரை வருமானம் வேண்டுமென்றால் பாடமும் ப்ரீ கேஜி என்ற பெயரும் இல்லாமல், பத்துக்குள் குழந்தைகளை, இரண்டு பெரியவர்களை வைத்துப் பகல்நேரக் காப்பகமாக மட்டும் பாருங்கள். பெற்றோரிடம் இது பள்ளி இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். "ப்ளே ஸ்கூல் சர்டிபிகேட் இல்லாவிட்டால் எல்கேஜியில் எடுக்கமாட்டார்களே" என்று அவர்கள் பயந்தால், எல்கேஜிக்கு அப்படி ஒரு சான்று தேவையே இல்லை, பிறப்புச் சான்றிதழும் ஜூலை 31-ல் 3 வயது நிறைவும் போதும் என்று சொல்லுங்கள். கிணற்று வலையை மட்டும் முதல் குழந்தை வரும் முன்பே அடித்துவிடுங்கள், அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.